4294967297: நூறோடு நிறுத்தியிருக்கக் கூடாது

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். 4294967297 என்ற எண்ணை 2, 3, 5, 7 என்று தொடங்கி நூறு வரைக்கும் உள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்த்தீர்கள். எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. நீங்கள் பைதானில் எழுதிய சின்ன நிரலும் ‘பகா எண்’ என்றே சொல்லிவிட்டது. ஆனால் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் இது பகு எண் என்று ஒரு வரி பார்த்திருக்கிறீர்கள். யார் சொல்வது சரி, இந்த எண்ணில் வேறு என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்த பிறகு எனக்குப் பட்டது, உங்களுக்கு வேண்டியது வெறும் ஆமாம், இல்லை அல்ல. இவ்வளவு பெரிய எண்ணைப் பற்றி ஒருவர் இத்தனை உறுதியாக எப்படிச் சொல்ல முடியும், அதைக் கையால் சரிபார்க்க வழி உண்டா என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி. எண் கோட்பாட்டைப் பல வருடம் வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில், எனக்கு மிகவும் பிடித்த எண்களில் ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் விடை. புத்தகம் சொல்வதுதான் சரி. 4294967297 = 641 × 6700417. பத்து இலக்கம் காட்டும் சாதாரண கால்குலேட்டரிலேயே வகுத்துப் பார்க்கலாம், புள்ளிக்குப் பின்னால் எதுவும் வராது. நூறுக்குள் 25 பகா எண்கள் இருக்கின்றன; 641 என்பது 116-வது பகா எண். அதாவது நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து இன்னும் 91 பகா எண்கள் போயிருந்தால் மாட்டியிருக்கும். உங்கள் பொறுமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்ற இந்த எண்ணை ஒன்று விடாமல் சோதிப்பதென்றால், அதன் வர்க்கமூலமான 65536 வரைக்கும் போக வேண்டும். அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. யாரும் கையால் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள்.

போகவும் வேண்டியதில்லை. இந்த எண்ணின் இலக்கங்களை உற்றுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அது எப்படிச் செய்யப்பட்டது என்று பார்த்தால் எல்லாமே தெரியும். 4294967296 என்பது 2-ஐ 32 முறை பெருக்கியது, அதாவது 2³². நம் எண் அதைவிட ஒன்று கூட. இரும முறையில் எழுதினால் ஒரு 1, அப்புறம் 31 சுழியங்கள், கடைசியில் இன்னொரு 1. இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டால் 641 வகுக்கும் என்பதை நிரூபிக்க மூன்று வரி போதும். 2¹⁶ என்பது 65536. அதை 641-ஆல் வகுங்கள்: 641 × 102 = 65382, மீதி 154. இப்போது 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம்தானே, ஆகவே அதன் மீதியைத் தெரிந்துகொள்ள 154-இன் வர்க்கத்தைப் பார்த்தால் போதும். 154 × 154 = 23716. 641 × 37 = 23717. ஒன்றே ஒன்று குறைகிறது. அப்படியென்றால் 2³²-உடன் ஒன்று சேர்த்தால் 641-ஆல் சரியாக வகுபடும். முடிந்தது. பத்து இலக்க எண்ணை எங்குமே எழுதவில்லை, கவனித்தீர்களா?

இன்னொரு நிரூபணம் உண்டு, பாடப்புத்தகங்களில் அதிகம் வருவது அதுதான். 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1 என்றும், 5⁴ + 2⁴ என்றும் (625 + 16). முதலாவதன்படி 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-க்கு மீதி −1 (அதாவது மீதியில்லாமல் வகுபட ஒன்று குறைகிறது). அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று போடலாம். போட்டால் −2³²-க்கு மீதி 1, அதாவது 2³² + 1 வகுபடும். அழகான நிரூபணம்தான். ஆனால் வகுப்பில் இதை எழுதும்போதெல்லாம் யாராவது ஒருவர் ‘641-ஐ எடுத்துப் பார்க்கலாம் என்று முதலில் எப்படித் தோன்றியது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மேலே சொன்ன இரண்டு நிரூபணமும் விடை தெரிந்தவன் செய்வது.

தெரியாதவன் எப்படித் தேடுவது? இங்கேதான் வரலாறு வருகிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் டி ஃபெர்மா 1640-ஐ ஒட்டி எழுதிய கடிதங்களில், 2-ஐ 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்று கூட்டினால் வருவதெல்லாம் பகா எண்கள் என்று தனக்குப் படுவதாகச் சொன்னார். 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் உண்மையிலேயே பகா எண்கள்தான். அடுத்து வருவது நம் 4294967297. தன்னிடம் நிரூபணம் இல்லை என்றும் அவரே ஒப்புக்கொண்டார். கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் அது அப்படியே கிடந்தது. 1729-ல் கணித அறிஞர் கோல்ட்பாக் ஒரு கடிதத்தில் இதை இன்னொரு கணித மேதையான ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1732-ல் ஆய்லர், 641 வகுக்கிறது என்று அறிவித்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை அப்போது விளக்கவில்லை. சில வருடங்கள் கழித்து வந்த கட்டுரையில்தான் அந்த வழி நிரூபணத்தோடு இருக்கிறது. 1732-லேயே அந்த வழி அவர் மனதில் இருந்திருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இது ஊகம், மற்றவற்றைப் போல உறுதியானது அல்ல.

அந்த வழி இதுதான். நம் எண்ணுக்கு ஒரு பகா காரணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2-இன் அடுக்குகளை வரிசையாக அந்தக் காரணியால் வகுத்து மீதிகளைக் குறித்துக்கொண்டே போனால், மீதிகள் ஒரு கட்டத்தில் 1-க்குத் திரும்பி வந்து அதே சுற்றில் ஓடும். 32-வது அடுக்கில் மீதி −1 என்பது நமக்குத் தெரியும், ஏனென்றால் 2³² + 1 வகுபடுகிறதே. அதை வர்க்கப்படுத்தினால் 64-வது அடுக்கில் மீதி 1. அதற்கு முன்பே 1 வந்திருக்க முடியுமா? சுற்றின் நீளம் 64-ஐ வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். 64-ஐ விடச் சின்னது என்றால் 32, 16, 8 இப்படி ஏதோ ஒன்று. அப்போது 32-வது அடுக்கிலும் 1 வந்திருக்க வேண்டும். அங்கே இருப்பதோ −1. ஆகவே சுற்றின் நீளம் சரியாக 64. இனி ஃபெர்மாவின் சிறிய தேற்றம்: எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதில் ஒன்று குறைத்து வரும் அடுக்குக்கு 2-ஐ உயர்த்தினால், அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது மீதி 1 (பகா எண் 2 ஆக இல்லாத வரை). எனவே காரணியில் ஒன்று குறைத்தால் வருவது 64-இன் மடங்காகத்தான் இருந்தாக வேண்டும்.

இதன் பலனைப் பாருங்கள். சோதிக்க வேண்டியவை 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று மட்டும்தான் போகின்றன. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை. 6542 எங்கே, ஐந்து எங்கே! 1878-ல் எட்வார்ட் லூக்கா இதை இன்னும் இறுக்கினார்: 64 அல்ல, 128-இன் மடங்கோடு ஒன்று கூடியதாகத்தான் காரணி இருக்க முடியும் என்று காட்டினார். அந்தப் பட்டியல் 129, 257, 385, 513, 641 என்று போகிறது. இதில் பகா எண்கள் இரண்டே இரண்டு, 257-உம் 641-உம். 257 வகுக்காது என்பதற்குக் கீழே வேறு காரணம் வருகிறது. அதையும் தள்ளிவிட்டால், முதல் முயற்சியிலேயே 641. இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படுவது, இந்தத் தேடலுக்கு வேண்டிய சிறிய தேற்றத்தைக் கண்டுபிடித்தவர் ஃபெர்மாவேதான், அதுவும் அதே 1640-ல். கத்தி அவர் கையிலேயே இருந்தது.

சரி, 641 வெளியே வந்துவிட்டது. மிச்சமிருக்கும் 6700417 பகா எண்தானா? இதைப் பலர் கேட்காமலேயே விட்டுவிடுவார்கள். அதையும் கையால் தீர்க்கலாம். வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். அதற்குள் 376 பகா எண்கள் இருக்கின்றன. ஆனால் 6700417-இன் எந்தப் பகா காரணியும் நம் பெரிய எண்ணுக்கும் காரணியாக இருக்கும், ஆகவே அதுவும் 128-இன் மடங்கோடு ஒன்று. 2588-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்துதான். வகுத்தால் வரும் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் சுழியம் இல்லை. எனவே 6700417 பகா எண். ஒரு தாளின் பாதி போதும். இதைச் செய்து முடித்தவருக்கு, நம் எண்ணின் வகுத்திகள் 1, 641, 6700417, அதுவே ஆகிய நான்கு மட்டும்தான் என்பது எந்த இயந்திரத்தையும் நம்பாமல் கிடைத்த உண்மை.

அது கிடைத்துவிட்டால் மற்றவை தானாக வரும், அதிகம் நேரம் செலவழிக்க வேண்டாம். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் 6701059, எண்ணோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. செவ்விய எண் (அந்தக் கூட்டல் எண்ணுக்கே சமமாக வருவது) என்ற பேச்சுக்கே இடமில்லை. அதைவிடச் சிறியதாகவும் அதனோடு பொதுக் காரணி இல்லாததாகவும் உள்ள எண்கள் எத்தனை என்றால் 640 × 6700416, அதாவது 4288266240. இலக்கங்களின் கூட்டல் 59, அதையும் கூட்டினால் 14, அதையும் கூட்டினால் 5. இலக்கங்களில் 9 மூன்று முறை வருகிறது. 0, 1, 3, 5, 8 வரவே இல்லை. கடைசியில் சொன்ன இலக்கச் சங்கதிகளைச் சிலர் பெரிய விஷயமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ருசி இல்லை. நாம் பத்தின் அடுக்குகளில் எழுதுவதால் வரும் தற்செயல்கள் அவை. வேறு அடிமானத்தில் எழுதினால் காணாமல் போய்விடும். காரணிகள் எந்த அடிமானத்திலும் போகாது.

இலக்கங்கள் சார்ந்த ஒன்றே ஒன்றை மட்டும் விட மனம் வரவில்லை. 1-ஐ 641-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.0015600624024960 வரை வந்து, அடுத்த பதினாறு இலக்கங்கள் 9984399375975039, அப்புறம் மறுபடி முதலிலிருந்து. சுற்று 32 இலக்கம். முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் கூட்டினால் பதினாறும் ஒன்பதுகள். இங்கேயும் அந்த 154 ஒளிந்திருக்கிறது: 10⁸-ஐ 641-ஆல் வகுத்தாலும் மீதி 154-தான். 5⁴-உம் −2⁴-உம் ஒரே மீதி தருகின்றன என்று மேலே பார்த்தோமே, அதனால் 5⁸-உம் 2⁸-உம் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் 10⁸-உம் 2¹⁶-உம் ஒன்றாகிவிடுகின்றன.

இன்னொரு பண்பு இதைவிட ஆழமானது. நம் எண் இரண்டு வர்க்கங்களின் கூட்டல்: 65536² + 1². இது அமைப்பிலேயே தெரிகிறது. ஆனால் 62264² + 20449² என்றும் எழுதலாம். பெருக்கிப் பாருங்கள், 3876805696-உம் 418161601-உம் சேர்ந்து சரியாக வரும். ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால், அது ஒரே ஒரு விதமாகத்தான் முடியும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆகவே இரண்டாவது விதம் கையில் கிடைத்த அந்த நொடியே, காரணி எதையும் தெரிந்துகொள்ளாமலே, இது பகு எண் என்று சொல்லிவிடலாம். இரண்டாவது விதம் எங்கிருந்து வந்தது? 641 = 25² + 4². 6700417 = 2556² + 409². இப்படிப்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினால் வருவதும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலே, அதுவும் இரண்டு விதமாக. பிரம்மகுப்தரின் பெயரால் வழங்கும் முற்றொருமை அது. ஒரு விதத்தில் 25 × 2556 + 4 × 409 = 65536, 25 × 409 − 4 × 2556 = 10225 − 10224 = 1. கூட்டல் கழித்தல் குறிகளை மாற்றிப் போட்டால் 62264-உம் 20449-உம். அந்த 10225-உம் 10224-உம் ஒன்றே ஒன்றில் விலகி நிற்பதைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

இனி உங்கள் நிரல். அது பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காத கேள்விக்கு விடை சொன்னது. 2-ஐ (எண் − 1) அடுக்குக்கு உயர்த்தி அந்த எண்ணாலேயே வகுத்து, மீதி 1 என்றால் பகா எண் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். பகா எண் என்றால் மீதி 1 என்பது தேற்றம். மீதி 1 என்றால் பகா எண் என்பது தேற்றமல்ல. நம் எண்ணில் 2³²-க்கு மீதி −1, 2⁶⁴-க்கு மீதி 1. அடுக்கு 4294967296 என்பது 64-இன் மடங்கு, ஆகவே மீதி 1 வந்தே தீரும். ஃபெர்மா சொன்ன 3, 5, 17, 257 என்று போகும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எந்தப் பகு எண்ணைக் கொடுத்தாலும் 2-ஐ வைத்துச் செய்யும் சோதனை இப்படியே ஏமாறும். இவற்றைப் போலிப் பகா எண்கள் என்பார்கள். மில்லர்-ரேபின் என்ற கொஞ்சம் கெட்டியான சோதனைகூட 2-ஐ மட்டும் வைத்துச் செய்தால் இந்த எண்ணிடம் தோற்றுவிடும். 2-க்குப் பதில் 3-ஐ வைத்தால் கதை மாறுகிறது: 3-ஐ 4294967296-வது அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 3029026160. ஒன்றல்ல, ஆகவே பகா எண்ணே அல்ல. 1877-ல் பெபான் இந்தக் குடும்பத்துக்கென்றே காட்டிய சோதனை இன்னும் கூர்மை: 3-ஐ அதில் பாதி அடுக்குக்கு உயர்த்தும்போது மீதி −1 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை, இரண்டு பக்கமும் உறுதி. நம் எண்ணுக்கு வருவது 10324303. தொடர்ந்து வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் 31 பெருக்கலில் முடிகிற வேலை இது. நடைமுறையில் உங்கள் நிரலைத் திருத்த வேண்டுமென்றால், மில்லர்-ரேபினை 2, 7, 61 ஆகிய மூன்றை வைத்தும் செய்யுங்கள். 4759123141-க்குக் கீழே உள்ள எல்லா எண்ணுக்கும் அது தவறாத விடை தரும் என்று சரிபார்க்கப்பட்டிருக்கிறது. நம் எண் அதற்குள் வருகிறது.

கணினி பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு பழைய அனுபவம். ஒருமுறை மாணவர் ஒருவர் இதே 2-சோதனையைச் சி மொழியில் எழுதி, இந்த எண்ணுக்கு ‘பகு எண்’ என்ற விடையோடு வந்தார். விடை சரி. நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, 2-சோதனை இதைப் பகா எண் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? மறுநாள் நிரலைத் திறந்து பார்த்தோம். 2-ஐ வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் ஐந்தாவது முறையில் 2³² வருகிறது, அது நம் எண்ணைவிட ஒன்று குறைவு என்பதால் அப்படியே நிற்கிறது. அடுத்த வர்க்கம் 2⁶⁴. 64 பிட் மாறியில் அடங்கும் மிகப் பெரிய எண் அதைவிட ஒன்று குறைவு. ஆகவே அது வழிந்து சுழியமாகிவிட்டது. அப்புறம் எத்தனை முறை பெருக்கினாலும் சுழியம்தான். மீதி 1 இல்லை, ஆகவே பகு எண்! தவறான வழியில் சரியான விடை. பைதானில் எண்களுக்கு அந்த எல்லை இல்லாததால் உங்கள் நிரல் சரியான வழியில் போய்த் தவறான முடிவுக்கு வந்திருக்கிறது. இதே எண்ணை 32 பிட் மாறியில் வைக்கப் பார்த்தால் இன்னும் மோசம், வெறும் 1 என்று காட்டும். 32 பிட்டில் எழுதக்கூடிய மதிப்புகள் மொத்தம் 4294967296-தான். பழைய வகை இணைய முகவரிகளின் மொத்த எண்ணிக்கையும் அதுவே.

257 வகுக்காததற்குக் காரணம் சொல்கிறேன் என்றேன். 3 × 5 × 17 × 257 × 65537 என்று பெருக்கிப் பாருங்கள்: 4294967295. நம் எண்ணைவிடச் சரியாக இரண்டு குறைவு. ஆகவே இந்த ஐந்தில் எதனால் நம் எண்ணை வகுத்தாலும் மீதி 2-தான், வகுபட வழியே இல்லை. இந்தக் குடும்பத்தில் எந்த இரண்டு எண்ணுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பதும் இதே கணக்கின் நீட்சிதான். அந்த 4294967295-க்குத் தனிப் பெருமை உண்டு. 1796-ல் பதினெட்டு வயது காவுஸ், பதினேழு பக்க ஒழுங்கு பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையலாம் என்று கண்டுபிடித்தார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட பலகோணம் என்றால், பக்கங்களின் எண்ணிக்கை இந்தக் குடும்பத்துப் பகா எண்கள் வெவ்வேறானவற்றின் பெருக்கலாக இருந்தால்தான் வரையலாம். அப்படி இல்லாவிட்டால் முடியாது என்ற பகுதியை 1837-ல் வான்ட்செல் நிரூபித்தார். அப்படி வரையக்கூடியதாக இன்றைக்குத் தெரிந்த மிகப் பெரிய ஒற்றைப்படைப் பலகோணம் 4294967295 பக்கங்கள் கொண்டது. ஃபெர்மா சொன்னது சரியாக இருந்திருந்தால் அடுத்து 4294967297 பக்கமும் வரைந்திருக்கலாம். 641 அதைக் கெடுத்தது. (யாரும் வரையப் போவதில்லை என்பது வேறு விஷயம், அத்தனை பக்கங்கள் என்றால் அது வட்டம்தான்.)

உறுதியானவை இதுவரை சொன்னவை. உறுதியில்லாதது, 65537-க்கு அப்பால் இந்தக் குடும்பத்தில் இன்னொரு பகா எண் இருக்கிறதா என்பது. நம் எண்ணைத் தொடர்ந்து (நம் எண்ணில் 2-இன் அடுக்கு 32, அதாவது 2⁵), அந்த அடுக்கே 2³² ஆகிற வரைக்கும் வருகிற அத்தனையும் பகு எண்கள் என்று காட்டப்பட்டுவிட்டன. அடுக்கு 2³³ ஆகும் எண்ணைப் பற்றி யாருக்கும் தெரியாது. அதற்கு 258 கோடிக்கும் மேல் இலக்கங்கள். எண்கள் பெரிதாகப் பெரிதாகப் பகா எண்கள் அருகிப்போவதை வைத்துக் கணக்குப் போட்டால், இனிமேல் ஒன்றும் கிடைக்காது என்றுதான் தோன்றுகிறது. பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு, இந்த எண்கள் குருட்டாம்போக்கில் பொறுக்கியவை போல நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்கிறது. நாம் மேலே பார்த்ததெல்லாம் அவை அப்படி நடந்துகொள்ளாது என்பதைத்தானே? ஆகவே அதை நிரூபணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பகு எண்ணா என்பது தெரிந்தாலும் காரணி தெரியும் என்று அர்த்தமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அடுக்கு 2²⁰ ஆகும் எண் பகு எண் என்பது 1980-களிலேயே உறுதியாகிவிட்டது. அதன் ஒரு காரணிகூட இன்னும் கையில் இல்லை. பெபான் சோதனை ‘உடையும்’ என்று மட்டும் சொல்லும், எங்கே உடையும் என்று சொல்லாது.

நான் சொன்ன குறுக்கு வழிக்கும் ஒரு வரம்பு உண்டு. எண்ணின் அமைப்பு தெரிந்ததால்தான் 6542 வகுத்தல் ஐந்தாகக் குறைந்தது. எங்கிருந்தோ பொறுக்கி எடுத்த பத்து இலக்க எண் என்றால் இந்த வித்தை நடக்காது; அங்கே நிரல்தான் கதி. 617 இலக்க எண் என்றால் நிரலுக்கும் கதியில்லை. வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டு நிற்பது அந்த இயலாமையின் மேல்தான்: நம் எண்ணைப் போலவே இரண்டே இரண்டு பகா எண்களின் பெருக்கல், ஆனால் உள்ளமைப்பு எதையும் வெளியே காட்டாதது.

கையால் இன்னொன்று செய்து பார்க்க ஆசை இருந்தால் அடுத்த எண் 18446744073709551617, அதாவது 2⁶⁴ + 1. அதன் காரணிகள் 256-இன் மடங்கோடு ஒன்று கூடியவை. 1855-ல் கிளாசன் ஒரு கடிதத்தில் அதை உடைத்திருக்கிறார். 1880-ல் லாண்ட்ரி, 82 வயதில், தனியாகக் கண்டுபிடித்தார். 256-ஐ 1071-ஆல் பெருக்கி ஒன்று கூட்டினால் வரும் 274177-தான் சின்னக் காரணி. அது வகுக்கிறது என்பதைச் சரிபார்க்க 2¹⁶-இலிருந்து தொடங்கி இரண்டே முறை வர்க்கப்படுத்தினால் போதும். கண்டுபிடிக்க வேண்டுமென்றால், வரிசையில் 1070 எண்களைத் தாண்ட வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை 3, 5, 7, 11-இலேயே அடிபட்டுப் போய்விடும் என்பது கொஞ்சம் ஆறுதல்.